பதினோராவது தட்டு

வாய் திறந்து பேசத் தெரியாதவர்கள் வண்டி வாங்கப் போகக் கூடாது. அப்படியே போனாலும், தலையை இடமும் வலமும் ஆட்டி வீட்டிலேயே பழகிக்கொண்டு போக வேண்டும். எனக்கு மேலும் கீழும் ஆட்ட மட்டும்தான் தெரியும். அந்த ஒரு ஆட்டலில் வந்து சேர்ந்ததுதான் எங்கள் நீலக் கார்.

என் மகள் செல்விக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிள்ளை உண்டாகியிருந்தது. தேவாரத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்த கையோடு, பேறுகாலத்துக்கு உத்தமபாளையம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அவள் மாமியாரை நான் மதினி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி, ஆனால் கறார். முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டார்.

"பஸ்ஸுலயும் ஆட்டோவுலயும் எம் மருமகளை அனுப்ப மாட்டேன். நல்ல வண்டி கொண்டாந்தாக்க அனுப்புறேன். இல்லாட்டி இங்கனயே பெத்துக்கட்டும்."

ஏழு வருஷமாக நான் மனசுக்குள் மகளுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். தொட்டில் சேலையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அது இன்னொரு வீட்டு உத்தரத்தில் தொங்குவதா? ஆகவே கார் தேடினோம்.

குமுளிக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வீடு. விற்பவர் ஓய்வு பெற்ற பெரியவர். "ஒரு குறையும் இல்லாத வண்டி, பிள்ளை மாதிரி வச்சிருந்தேன்" என்றார். (வண்டி நின்றது கூரையில்லாத முற்றத்தில். எந்தப் பிள்ளையையும் யாரும் அப்படி மழையில் நிறுத்தி வைக்க மாட்டார்கள் என்று அப்போது தோன்றவில்லை.)

என் வீட்டுக்காரர் மாடு பிடிப்பதில் பேர் போனவர். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், குனிந்து அடிவயிற்றைப் பார்க்காமல் அச்சாரம் கொடுக்க மாட்டார். காரையும் அப்படியே சுற்றி வந்தார். நெற்றியில் தட்டினார். முன் விளக்குகளைக் கண்ணுக்குக் கண் பார்த்தார். கொம்பு மட்டும்தான் தடவிப் பார்க்கவில்லை. ஆனால் குனியவும் இல்லை. தரையெல்லாம் சேறு, கட்டியிருந்ததோ புது வேட்டி.

நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மூடுபனி. மரம், வேலி, வீடு எதுவும் தெரியவில்லை. உள்ளே ஏலக்காய் வாசம். காலுக்குக் கீழே மெத்தென்று பூப்போட்ட சிவப்பு விரிப்பு. மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அந்த வீட்டு அம்மா ஜன்னல் வழியாக ஏலக்காய் டீ நீட்டி, "சேச்சி, இஷ்டப்பட்டோ?" என்று கேட்டார்.

பிடித்திருக்கிறதா என்று என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை. (என் வீட்டுக்காரரைக் காட்டியபோதுகூட.) நான் தலையாட்டினேன்.

"அவளே தலையாட்டிட்டா, பெறகென்ன?" என்றார் அவர். கார் எங்களுடையதாயிற்று.

வளைகாப்பு அன்று காலையில் சொந்தக்காரர்கள் பஸ்ஸில் போய்விட்டார்கள். காரை என் மகன் பாண்டி ஓட்டினான். என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நானும் பதினோரு சீர்த்தட்டுகளும். வளையல், பூ, பழம், ஐந்து வகைச் சாதம் என்று மடியிலும் பக்கத்திலும் அடுக்கு. சீர் எப்போதும் ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பதால் அவர் இரண்டு தடவை எண்ணி ஏற்றியிருந்தார்.

கோம்பை தாண்டியதும் என் வலது பாதத்தில் குளுகுளுவென்று காற்றுப் பட்டது. விரிப்பை லேசாகத் தூக்கினேன். அடியில் ஒரு பரப்பு ஏலக்காய்த் தோல். ஈர வாடை தெரியாமலிருக்கப் போட்டது போல. அதைக் கால் விரலால் தள்ளினேன். அதற்கும் கீழே, கருகிய அப்பளம் மாதிரி இரும்பு. விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. ஆப்பம் அளவுக்கு ஒரு ஓட்டை.

ஓட்டைக்குள் ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவளும் "வண்டியை நிப்பாட்டுடா" என்று கத்தியிருப்பாள். நான் கத்தவில்லை. முதலில் வெட்கம். நான் தலையாட்டி வாங்கிய வண்டி அல்லவா? அப்புறம், சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அது அவ்வளவு அழகாக இருந்தது. சின்னப் பிள்ளையில் வாய்க்கால் பாலத்தில் குப்புறப் படுத்துத் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்கத் தண்ணீர் நின்றுவிடும், பாலம் நகரும். அதே மாதிரி ரோடு நின்றுவிட்டது, நான் மிதந்தேன். புளியமர நிழல் வந்தது, போனது. வெள்ளைக் கோடு பாம்புக்குட்டி மாதிரி ஓரமாய் எட்டிப் பார்த்தது. ஒரு மல்லிகையைக் கிள்ளி உள்ளே விட்டேன். சத்தமே இல்லாமல் போய்விட்டது. இன்னொன்று விட்டேன். எத்தனை விட்டேனோ தெரியவில்லை. பூத்தட்டில் ஒரு முழம் குறைந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பண்ணைப்புரம் பக்கம் ரோட்டில் கொள்ளு காயப் போட்டிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறினால் கதிரடித்த மாதிரி ஆகிவிடும் என்று செடியோடு பரப்பி வைப்பது அங்கே வழக்கம். பாண்டி நேராக அதன் மேல் விட்டான். அடுத்த நொடி ஓட்டை வழியாகக் கொள்ளுச் செடியும் சருகும் தூசியும் ஊற்று மாதிரி பொங்கியது. என் வாயில், கண்ணில், கொண்டையில் எல்லாம் கொள்ளு.

"ஏ புள்ள, கண்ணாடியை ஏத்து. தூசி வருது பாரு" என்றார் அவர் திரும்பாமலே.

"ஏத்திட்டேங்க" என்றேன். வாழைப்பழத் தட்டைக் காலி செய்து, பழத்தைத் தேங்காய்த் தட்டில் திணித்து, காலித் தாம்பாளத்தை ஓட்டையின் மேல் கவிழ்த்து, அதன் மேல் இரண்டு காலையும் வைத்து அழுத்திக்கொண்டேன். (சீர்த்தட்டைக் காலால் மிதித்த முதல் தாய் நானாகத்தான் இருப்பேன்.)

தேவாரத்தில் இறங்கியதும் மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மதினி, களத்துல கருதடிச்சுட்டு நேரா வாரீகளா?"

நான் சிரித்து வைத்தேன்.

சபையில் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். ஒரு அக்கா விரல் விட்டு எண்ணினார். "பத்துத்தேன் இருக்கு. ரெட்டைப்படையிலயா சீர் வைப்பாக?"

"பதினொன்னு எண்ணித்தேன் ஏத்துனேன்" என்று என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். நான் தரையைப் பார்த்தேன். கோலம் நன்றாகப் போட்டிருந்தார்கள்.

"வண்டியில கெடக்கும், நான் எடுத்தாறேன்" என்று மாப்பிள்ளை ஓடினார். போனவர் வர ரொம்ப நேரமாயிற்று. தட்டைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் காதுப் பக்கம் குனிந்தார். அவர் அம்மாவுக்கு என்னைவிட அதிகமாகப் பயப்படுகிற ஒரே ஆள் அவர்தான்.

"அத்தை, சாக்கை மடிச்சுப் போட்டிருக்கேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா அனுப்ப மாட்டாக. செல்வியை முன் சீட்டுல வச்சுக் கூட்டிட்டுப் போயிருங்க."

நானும் தலையாட்டினேன். மறுபடியும் மேலும் கீழும்.

வளையல் போட்டு முடிந்து, ஐந்து வகைச் சாதமும் சாப்பிட்டு, வழியனுப்பத் தெருவே கூடி நின்றது. செல்வி முன் கதவைத் திறந்தாள். மதினி கையைப் பிடித்து இழுத்தார். "முன்னாடி வேணாம்த்தா, குலுக்கும். பின்னாடி காலை நீட்டி உக்காரு." பின் கதவைத் திறந்துவிட்டார். செல்வி ஒரு காலைத் தூக்கினாள். இரண்டு கை நிறைய வளையலும் குலுங்கியது.

"ஏறாதடீ!"

யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான். அவளை மறிக்க மறுபக்கக் கதவு வழியாக உள்ளே பாய்ந்தேன். கால் சாக்கின் மேல் பட்டது. சாக்கு போனது, அப்பளம் போனது, என் காலும் முழங்கால் வரை போனது. உள்ளங்காலில் தேவாரம் தெரு சுட்டது. செருப்பு எங்கே போனதோ!

ஒருவரும் பேசவில்லை. ஆகவே நான் பேசினேன்.

"இது இத்துப்போன வண்டி மதினி. நாந்தேன் புடிச்சிருக்குன்னு தலையாட்டுனேன். வரும்போதே ஓட்டையைப் பாத்துட்டேன். தட்டைப் போட்டு மூடிக்கிட்டு வந்தேன். நீங்க அனுப்பாட்டியும் பரவால்ல, எம் பிள்ளையை இதுல ஏத்தாதீக."

அவ்வளவு பெரிய பேச்சை நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

மதினி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தார். "ஒரு காலு வண்டியில, ஒரு காலு ரோட்டுல. எதுல வீடு போய்ச் சேரப் போறீக?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்கு பேர் சேர்ந்து என் காலை உருவியெடுத்தார்கள்.

அதன் பிறகுதான் என் வீட்டுக்காரர், அந்தப் புது வேட்டியோடு, முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். "அடிவயிறே இல்லையேப்பா" என்றார்.

நான் செல்வியைப் பார்க்காமல் நின்றேன். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து தன் மகனிடம் சொன்னார்: "ஏலே, நம்ம தோட்டத்து ஜீப்பை எடு. முன் சீட்டுல தலகாணி போடு." பிறகு என்னிடம், "வாயே தொறக்காத மனுஷி மகளுக்காக இம்புட்டுச் சத்தம் போடுது. இவுக கூட அனுப்பாம வேற யாரு கூட அனுப்புறது?"

ஜீப்பில் வரும்போது நான் செல்விக்குப் பக்கத்தில் ஒரு கால் செருப்போடு இருந்தேன். செல்வி என் தலையிலிருந்து கொள்ளு பொறுக்கிக்கொண்டே வந்தாள்.

காரை டிங்கர் கடைக்காரர் திருப்புளியால் குத்திக் குத்திப் பார்த்தார். குத்திய இடமெல்லாம் உதிர்ந்தது. "மலை மழையில வருஷக்கணக்கா நின்னிருக்கும்மா. மேல பெயிண்டு, கீழ காத்து" என்று சொல்லி, பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார். பின் சீட்டு மட்டும் எங்கள் தொழுவத்தில் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் மத்தியானம் அதில்தான் தூங்குகிறார்.

தொட்டில் எங்கள் உத்தரத்தில்தான் தொங்கியது. அதில் ஆடியவளுக்கு இப்போது ஒன்பது வயது. எந்த வண்டியில் ஏறினாலும் எங்கள் வீட்டில் எல்லோரும் தரையை இரண்டு தடவை ஓங்கி மிதித்துவிட்டுத்தான் உட்காருவோம். மாப்பிள்ளை மறக்காமல், "அத்தை, தட்டு எடுத்துக்கிட்டீகளா?" என்பார். போன மாதம் மதுரை பஸ்ஸில் நாங்கள் ஏழு பேரும் வரிசையாக மிதிக்க, கண்டக்டர் பயந்துபோய், "என்னம்மா, சாமி வந்திருச்சா?" என்று என்னிடம் கேட்டார். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

பஸ் கிளம்பியது. தரை கெட்டியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே ரோடு ஓடிக்கொண்டிருக்கும், நமக்குத்தான் தெரிவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொண்டையிலிருந்து ஒரு மல்லிகையை எடுத்து, யாரும் பார்க்காதபோது காலடியில் போட்டேன். அது போகவில்லை. அங்கேயே கிடந்தது.