அம்புக்குறி நகராத லேப்டாப்பைத் திருப்பி அனுப்புவது பற்றி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பெரிய மச்சான் எழுதிக்கொள்வது. என் முழங்கால்கள் இரண்டைத் தவிர இங்கே அனைவரும் சுகம். அங்கே தாங்களும் என் தங்கையும் பிள்ளைகளும் முழங்கால் உள்படச் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் போட்டால் தங்கைதான் எடுப்பாள். எங்க வீட்டுக்காரர் ஆசையா கொடுத்ததையே குறை சொல்றியா அண்ணா என்று அவள் தொடங்கிவிட்டால் பிறகு நான் என் குறையைச் சொல்ல முடியாது, அவள் குறையைத்தான் கேட்க முடியும். ஆகவே இக்கடிதத்தைத் தங்கள் பழைய லேப்டாப்போடு ஒரே பெட்டியில் வைத்து அனுப்புகிறேன்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். நான் பல்லைப் பார்க்கவில்லை மாப்பிள்ளை. மாடு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது.

முப்பத்தொரு வருஷம் மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டியதில் என் முழங்கால் என்ன கதிக்கு ஆளானது என்பது தாங்கள் அறிந்ததே. இனியும் மண்டி போட்டால் நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வேலை நடக்கும் ஏழு மாடிக் கட்டடத்தின் இஞ்சினியர் அம்மா நல்ல மனசுக்காரர், என்னைச் சூப்பர்வைசராகப் போடலாம் என்றார். மற்றவர்கள் ஒட்ட, நான் நின்று பார்க்கிற வேலை. ஒரே நிபந்தனை, எந்த அறை முடிந்தது, எத்தனை டைல்ஸ் உடைந்தது, எத்தனை மூட்டை பசை போனது என்று தினமும் லேப்டாப்பில் அட்டவணை நிரப்ப வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் கண் முன்னால் நிரப்பிக் காட்ட வேண்டும். தவறினால் அந்த வேலை பெயின்ட் அடிக்கும் சித்தப்பாவுக்கு. எல்லோரும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், யாருக்கும் உறவில்லை.

தங்கள் லேப்டாப்பில் எழுத்துக் கட்டைகள் எல்லாம் சொன்ன பேச்சு கேட்கின்றன, கீழே தடவுவதற்கென்று ஒரு சதுரம் இருக்கிறதே, அதுதான் கேட்கவில்லை. அழுத்தினால் டொக்கென்று சத்தம் வருகிறது, தடவினால் அம்புக்குறி அசைவதில்லை. சதுரமாக ஒன்றைப் பார்த்தால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், மட்டம் சரி. நாலு மூலையிலும் ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டினேன், பயப்பட வேண்டாம், லேசாகத்தான், கீழ்ப்பக்கம் பொள்ளலாகச் சத்தம் வந்தது. அடியில் பசை சரியாகப் பரப்பவில்லை என்று தீர்மானித்துச் சொன்னேன், அப்போது தங்கள் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, பாத்திரம் கழுவிய கையோடு வந்து ஒரு விரலால் தடவினாள், அம்புக்குறி ஓடியது. சரி, கெட்ட நேரம் போச்சு, இப்போ ஓடும் என்று நான் தடவினேன், நின்றுவிட்டது. அவள் தொட்டால் ஓட்டம், நான் தொட்டால் தூக்கம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். கூடம் கோணலா இல்லையான்னு சொல்றதுதாண்டி என் பொழப்பே என்றேன், காதில் வாங்கவில்லை.

மறுநாள் மருந்துக் கடை வேலை முடிந்து வந்த பெரியவள் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் மாற்றினாள், அணைத்து அணைத்துப் போட்டாள், அவளுக்கும் ஓடுது, எனக்கு மட்டும் இல்லை. அப்பா, நீங்க கோவமா தடவுறீங்க என்றாள். கோவமில்லாமல் தடவினேன், கெஞ்சித் தடவினேன், ஒன்றுக்கும் மசியவில்லை. ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன், அவர் கழற்றித் தூசி தட்டி மாட்டி, என் கண் முன்னாலேயே சுற்றிச் சுற்றி ஓட்டிக் காட்டினார். வீட்டுக்கு வந்தேன், பழைய குருடி கதவைத் திறடி கதைதான். மறுபடி போனேன், மறுபடி அவருக்கு ஓடியது. மூன்றாம் முறை போனபோது அவர் லேப்டாப்பைப் பார்க்காமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். மவுஸ் வாங்கலாமே என்பீர்கள். மவுஸ் ஓட மேஜை வேண்டும் மாப்பிள்ளை, கட்டடத்தில உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்ல, இஞ்சினியர் அம்மாவே லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடிதான் எழுதுகிறார்.

இந்த மிஷின் முன்பு தங்களிடம் இருந்து, தங்கள் கைக்குப் பழகிப்போய், மற்றவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் அந்நியன் என்று ஒதுக்குகிறதோ என்றுகூட நினைத்துவிட்டேன். குற்றம் சொல்வதாக எண்ண வேண்டாம், ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துக் கொடுத்திருக்கலாம். திங்கட்கிழமை பார்சல் ஆபீசுக்குப் போகிற வழியில் இஞ்சினியர் அம்மாவிடம் என்னால் ஆகாது, சித்தப்பாவுக்கே கொடுங்கள் என்று சொல்லிவிடப் போகிறேன். வருத்தம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள். தங்கைக்கு என் அன்பு. தங்களுக்கு என்றும் மாறாத மரியாதை.

இப்படிக்கு,
பெரிய மச்சான்
(சனிக்கிழமை)

பின்குறிப்பு, திங்கள் சாயந்தரம்: கவரில் கடிதம் மட்டும் வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம். லேப்டாப் வழியில் தொலையவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. மேலே நான் சொன்ன குறைகளில் முழங்கால் ஒன்றுதான் நிஜம், மிச்சத்துக்கெல்லாம் என்னை மன்னிக்க வேண்டும்.

ஆகாது என்று நான் சொன்னதும் இஞ்சினியர் அம்மா விடவில்லை, கட்டின பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். நான் தடவினேன், ஓடவில்லை. அவர் தடவினார், ஓடியது. உடனே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "மேஸ்திரி, மிஷின்ல ஒண்ணுமில்ல. உங்க விரல்தான் காய்ச்சுப் போயிருக்கு. மெத்துன்னு இருக்குற தோலைத்தான் இது கண்டுபிடிக்கும். இவ்வளவு தடிச்ச தோல் பட்டா, யாருமே தொடலன்னு நினைச்சுக்கும்" என்றார். முப்பத்தொரு வருஷம் சிமெண்டிலும் பசையிலும் ஊறிய விரல். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

பிறகு ஒவ்வொரு விரலாகப் பார்த்தோம். சித்தப்பா உள்பட வேலையாட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒன்பது விரல் தோற்றது. பசை பூசும் கரணையும் பிடிக்காமல், டைல்ஸும் தூக்காமல், இத்தனை வருஷம் சும்மா நீட்டிக்கொண்டே இருந்த இடது கைச் சுண்டுவிரல் பட்டதும் அம்புக்குறி நகர்ந்தது. அட்டவணை நிரப்ப நாற்பது நிமிஷம் ஆயிற்று, அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார். "நாளைல இருந்து நீங்கதான்" என்றார். அழுதுவிட்டேன் மாப்பிள்ளை, உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம், இவ்வளவு எழுதிவிட்டு மனசு வரவில்லை. தங்கையிடம் மட்டும் முழுசாகக் காட்டிவிடாதீர்கள். கடைசி வரியை மட்டும் தனியாகக் கத்தரித்துக் கொடுங்கள். அவளுக்குச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான்: அண்ணன் இனிமேல் மண்டி போட வேண்டியதில்லை.