முகர்ரமின் க்ரீமுக்கு நான் வைத்த சோதனை

என் மனைவியின் க்ரீம் வியாபாரத்தை என் அறிவாலேயே ஒழித்துக்கட்டுவது என்று தீர்மானித்தேன். மர்கிலான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அறிவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

எங்கள் ஊர் ஆண்களுக்கு ஞாயிறு என்றால் 'காப்'. நண்பர்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பலோவ் என்கிற கறிச்சோறு சமைத்துத் தின்று, உலகத்தைத் திருத்துவோம். இந்தக் கோடையில் நான் போகாததால் உலகம் திருந்தாமல் கிடந்தது. காரணம் என் மனைவி முகர்ரம். ஆப்ரிகாட் பருப்பு எண்ணெயில் முகத்துக்கு க்ரீம் செய்து சந்தையில் விற்க ஆரம்பித்திருந்தாள். பருப்புக்காகக் கொட்டை உடைப்பது நான். ஞாயிறு முழுக்க, சுத்தியலும் கையுமாக.

அன்று டப்பாக்களில் புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். 'முழுக்க இயற்கை, ஆர்கானிக்.' மாட்டினாள்!

"முகர்ரம், இதை விற்கக்கூடாது."

"ஏங்க?"

"இயற்கைன்னு போட்டிருக்கியே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"இயற்கைன்னு அர்த்தம்."

"ஒரு அர்த்தமும் கிடையாது! யார் வேணாலும் எழுதிக்கலாம். பாம்பு விஷம்கூட இயற்கைதான். பூசிக்கிறியா?"

"வேண்டாங்க. கூடவே குடித்தனம் பண்றேனே, போதாதா?"

பொறுத்துக்கொண்டேன். அறிவாளி பொறுப்பான்.

"ஆர்கானிக்னு சொல்லணும்னா, மரத்துலேருந்து டப்பா வரைக்கும் ஒருத்தர் வந்து பார்த்துச் சான்று கொடுக்கணும். முன்னாடி பூப்படம் போட்டா ஆச்சா? பின்னாடி என்னென்ன கலந்திருக்குன்னு எழுதணும். எது அதிகமோ அது முதல்ல."

பக்கத்து வீட்டு ஹோசியத் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "வாத்தியார் வாயைத் திறந்தா புஸ்தகம் படிச்ச மாதிரி இருக்கு!"

எனக்கு மார்பு விரிந்ததில் சட்டைப் பொத்தான் முனகியது.

"பார்க்கிறவர் எப்படிப்பட்டவரா இருக்கணுங்க?" என்றாள் முகர்ரம்.

"படிச்சவர். நேர்மையானவர். யாருக்கும் வளையாதவர்."

"ஹோசியத் அக்கா, நம்ம ஊர்ல அப்படி யாரு?"

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன். நானே சோதிப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் உறைத்தது. மரத்திலிருந்து டப்பா வரைக்கும் என்றால், ஞாயிறு மட்டுமா? சனியும் போயிற்று!

தேநீர் ஆறும்வரை உட்கார்ந்து என்னையே கேட்டுக்கொண்டேன். நான் என்ன மனுஷன்? ஒரு வார்த்தை புகழ்ச்சிக்கு இவ்வளவு மலிவாகப் போவேனா? போவேன் போலிருக்கிறது. ஆனால் மூளை கைவிடவில்லை.

"முகர்ரம்! பெண்டாட்டி சரக்குக்குப் புருஷன் சான்று கொடுத்தா செல்லாது. சம்பந்தமில்லாத மூணாவது ஆள்தான் பார்க்கணும்."

"நியாயந்தாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

உடனே ஒப்புக்கொண்டாள். வேதியியல் படித்தவன், ஒன்று இவ்வளவு சுலபமாகக் கரைந்தால் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? பெருமைப்பட்டேன்.

ஞாயிறு காலை. தொப்பியை மாட்டிக்கொண்டு காப்புக்குக் கிளம்பினேன். வாசல் கதவு தானாகத் திறந்தது. காப் நண்பர்கள் கோதிர்ஜானும் எர்காஷும் முன்னால் வர, மொத்தக் கூட்டமும் அரிசி, காரட், ஆட்டுக்கறியோடு உள்ளே நுழைந்தது.

"என்னடா இது?"

"தங்கச்சி கூப்பிட்டாங்கடா. சோதிக்க வெளியாள் வேணுமாமே. ஊர்லயே நேர்மையானவங்க நாங்கதானாம்!" என்றான் கோதிர்ஜான். அவன் மார்பு விரிந்தது. அந்த விரிவை எனக்குத் தெரியும்.

முற்றத்துக் கட்டிலில் சாய்ந்துகொண்டார்கள். அடுப்பில் கொப்பரை ஏறியது. நானும் உட்காரப் போனேன். முகர்ரம் என் முன்னால் ஒரு கூடையை வைத்தாள்.

"என்னடி இது?"

"கொட்டைங்க."

"நான் காப்புக்குப் போகணும்."

"காப்புதான் வீட்டுக்கே வந்துடுச்சே. நீங்கதான் சம்பந்தப்பட்டவர்னு சொல்லிட்டீங்க. சோதிக்கத்தான் கூடாது. உடைக்கலாம்."

பலோவ் வெந்தது. தின்றார்கள். நான் உடைத்தேன். எர்காஷ் விரலில் வழிந்த கொழுப்பை நக்கியபடி, துளியும் வளையாத நேர்மையோடு கூடையைச் சுட்டிக்காட்டினான்.

"வாத்தியாரே, அந்தக் கொட்டை சரியா உடையலை."