கேட்டுக்கு வெளியே நூற்றுப் பதினான்கு சேலைகள்

இந்த வீட்டுக்குள் இனி ஓர் அலமாரி நுழையக் கூடாது என்று நான் தீர்மானம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. யாரிடமும் சொல்லவில்லை. இந்த வீட்டில் தீர்மானம் எடுக்க எனக்கு முழு உரிமை உண்டு. வெளியே சொல்லத்தான் அனுமதி வேண்டும்.

காரணம் சன்னாசி. கேபினட் அடிக்கிற தம்பி. அன்று அவன் எங்கள் பின்னறை வாசலில் நின்று தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் மனைவி நவமணி நின்று, "இங்கேருந்து அங்க வரைக்கும், மேல கூரை வரைக்கும்" என்று கையை வீசிக் காட்டினாள். அந்தக் கை போன வழியில் என்னுடைய சாய்வு நாற்காலி இருந்தது. ஆறு தூண்டில்கள் இருந்தன. ரீல் பெட்டி இருந்தது. அவள் கண்ணுக்கு அங்கே சுவர் மட்டும்தான் தெரிந்தது.

அந்தப் பின்னறைதான் என் ராஜ்ஜியம். முப்பத்து நான்கு வருடம் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்துவிட்டு, ஓய்வுபெற்றுக் கோலசிலாங்கூரில் ஒரு தாமான் குடியிருப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் மூன்று அறை. ஒன்று எங்களுக்கு. ஒன்று ஷா ஆலாமில் வேலை பார்க்கும் மகள் குமுதாவின் சாமான்களுக்கு. மிச்சம் இருந்த பத்துக்குப் பத்தடி எனக்கு. அங்கே உட்கார்ந்து தூண்டில் நூல் மாற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பக்கத்து வீட்டு பெர்னாட் மாதா கோயில் பூசை முடிந்து வருவான், இரண்டு பேரும் பாசிர் பெனம்பாங் பக்கம் மீன் பிடிக்கப் போவோம். மீன் பெரும்பாலும் வராது. அது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை.

சன்னாசி போனதும் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ரெண்டு அலமாரி இருக்கே, நவா."

"ரெண்டும் சாத்த முடியலீங்க."

"சேலையைக் குறைச்சா சாத்தலாம்."

"குறைக்கலாமே. எதைக் குறைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன கணவன் யாரும் நலமாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. குமுதாவுக்கு ஃபோன் போட்டேன். அவள்தான் ஃபோனில் போடுகிற ஓர் ஆப்பைப் பற்றிச் சொன்னாள். டிஜிட்டல் அலமாரியாம். வீட்டில் உள்ள துணியை எல்லாம் படம் பிடித்து உள்ளே போட்டுவிட வேண்டும். எதை என்றைக்குக் கடைசியாக உடுத்தினோம் என்று அதுவே சொல்லும். இன்றைக்கு என்ன உடுத்தலாம் என்று யோசனை கொடுக்கும். கடையில் நிற்கும்போது, இதே மாதிரி ஏற்கெனவே மூன்று இருக்கிறது என்று காட்டும். ஊருக்குப் போனால் பையில் என்ன வைப்பது என்று பட்டியல் போடும்.

கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. இதைத்தானே நான் முப்பத்து நான்கு வருடம் செய்தேன். எஸ்டேட்டில் விடியற்காலையில் பெரட்டு எடுப்போம். ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று புத்தகத்தில் குறிப்பது. வேலைக்கே வராத ஆளுக்குப் புத்தகத்தில் இடம் கிடையாது. சேலைக்கு மட்டும் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

ஒரு தாளை எடுத்து விதி எழுதினேன். ஒன்று: எல்லாச் சேலையும் ஆப்பில் ஏற வேண்டும். இரண்டு: தொண்ணூறு நாளில் ஒரு தடவைகூட வெளியே எடுக்காதது சிவப்பாகிவிடும், சிவப்பானதை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது விதியைத்தான் நான் பெருமையோடு எழுதினேன். எனக்கு நவமணியைத் தெரியும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே எட்டுச் சேலை மாற்றிக் கட்டி என்னை ஏமாற்றிவிடுவாள். ஆகவே, வாசல் கேட்டுக்கு வெளியே போனால்தான் கணக்கு. வீட்டுக்குள் செல்லாது. படம் எடுத்து நானே பதிவேன்.

சேலை குறையாமல் போனால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை. குறையாமல் போக வழியே இல்லை.

நவமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு தடவை படித்தாள்.

"இந்த ரூல் எனக்கு மட்டுமா, வீட்டுல எல்லாருக்குமா?"

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன் பெருந்தன்மையாக.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. ஒரே ஒரு தடவை ஒத்துக்கொண்டாள், என்னைக் கட்டிக்கொள்ள.

படம் எடுக்க நான்கு நாள் ஆனது. கட்டிலில் விரித்து, மேலே ஏறி நின்று எடுத்தேன். நூற்றுப் பதினான்கு சேலை. என்னுடைய துணிகளை ஒரே நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன். சேலையில் பெரிய தொல்லை நிறம்தான்.

"இது என்ன கலர்?"

"வெங்காயக் கலர்."

"இதுக்கு முன்னாடி எடுத்தது?"

"அதுவும் வெங்காயம்தான். அது பெரிய வெங்காயம், இது சின்ன வெங்காயம்."

"ஆப்புல வெங்காயம்னு ஒரு கலரே இல்ல நவா. ரோஸ்னு போட்டுக்கவா?"

"ரோஸா? உங்களுக்குக் கண்ணு தெரியலீங்க."

நடுநடுவே அவள் எழுந்து எங்கேயோ போய்விட்டு வந்தாள். டீ போடப் போகிறாள் என்று நினைத்தேன். டீயும் வந்தது.

தொண்ணூறு நாள் தொடங்கியது. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. நான் பின்னறையில் உட்கார்ந்து நிம்மதியாக நூல் சுற்றினேன். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் காருக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். அரக்குப் பட்டு. ஒரு சாண் ஜரிகை. கையில் பிளாஸ்டிக் கூடை.

"யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்ல. பாசிர் பெனம்பாங்ல மீன் வாங்கணும்."

"பட்டுக் கட்டிக்கிட்டா?"

"கேட்டுக்கு வெளியதானே? கதவைத் திறங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நவமணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்றாவது விதியில் நான் அவளைக் கட்டிப்போட்டதாக நினைத்தேன். கயிற்றின் உள்பக்கம் நின்றிருந்தது நான்.

மீன்கடையில் எல்லாரும் வழிவிட்டார்கள். கடைக்காரச் சீனர் அவளைப் பார்த்துவிட்டு, பெட்டிக்கு அடியில் வைத்திருந்த இறாலை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கடையில் எனக்குப் பத்து வருடமாக மேலே கிடக்கிற இறால்தான் கிடைத்திருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்குப் பகல் இல்லை, சாயங்காலம் இல்லை. தொண்ணூறு நாள், நூற்றுப் பதினான்கு சேலை. ஒரு நாளைக்கு ஒன்று போதாது. காலையில் கோயிலுக்கு ஒன்று, சாயங்காலம் கடற்கரைக்கு ஒன்று. பில் கட்ட ஒரு காட்டன், பல் வைத்தியரிடம் ஒரு ஷிபான். அவளுக்குப் பல் வலியே இல்லை. எனக்குத்தான் வலி, ஆனால் சேலை கட்டி வந்தது அவள். கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போனோம். படகில் விளக்குப் போட்டுப் படம் எடுக்கக் கூடாது என்று படகுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருட்டில் எடுத்தால் பதிவுக்கு ஆகாது. அதனால் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்க வைத்து எடுத்தேன். பின்னால் வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெர்னாட் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பான்.

"திரு, தண்ணி ஏறுது. கிளம்பு லா."

"இன்னிக்கு முடியாதுப்பா. மூணு காட்டன் பாக்கி இருக்கு."

"போன வாரமும் இதேதான் சொன்ன."

"போன வாரம் ஜார்ஜெட்டு."

அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவான். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவனும் மீன் பிடிக்கப் போகவில்லை. அவன் மனைவி பிளோரன்ஸ் வேலி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவனும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, அவளை ஏற்றிக் காரைக் கிளப்பினான். என்னை அவன் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கலும்பாங்கில் நவமணியின் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனபோது, ஆப்பின் அருமையை நிரூபித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு இரவு என்று தட்டினேன். ஆளுக்கு மூன்று உருப்படி, ஒரே பை போதும் என்று அது பட்டியல் போட்டது.

"பாத்தியா? ஒரே பை."

"சரிங்க. ஒரே பை."

அங்கே போய்த் திறந்தால் பதினோரு சேலை.

"என் சட்டை எங்க நவா?"

"ஒரே பைன்னுதானே சொன்னீங்க. அண்ணன்கிட்ட வாங்கிப் போட்டுக்கங்க."

மச்சானின் சட்டைக்குள் என்னைப் போல இரண்டு பேர் குடியிருக்கலாம். இரண்டு நாள் அதற்குள் இருந்தேன். விருந்துக்கு வந்த ஒரு பெரியவர், உடம்புக்கு என்ன என்று என்னைத் தனியாக அழைத்து விசாரித்தார்.

ஆப்போடு கடைக்குப் போனால் செலவு அடங்கும் என்று குமுதா சொல்லியிருந்தாள். கிள்ளானில் ஒரு துணிக்கடையில் அதையும் சோதித்தோம். ஆப் தன் கடமையைச் செய்தது. பச்சை பதினொன்று, நீலம் பதினாறு என்று காட்டியது. நவமணி அதை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"கடுகு மஞ்சள் ஒண்ணுகூட இல்ல பாருங்க. இத்தனை வருஷமா எனக்கே தெரியாம இருந்திருக்கு. நல்ல ஆப்புங்க."

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. புக்கிட் மலாவாத்தியில் ஒரு சாயங்காலம். மேலே மரத்தடியில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. நவமணி மயில்கழுத்துக் கலரில் ஒரு பட்டுக் கட்டியிருந்தாள். ஒரு குட்டி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் விரட்டாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இது எப்ப வாங்கினது?" என்று கேட்டேன்.

"குமுதா பொறந்தப்ப. கிள்ளான்லேருந்து நீங்கதான் வாங்கிட்டு வந்தீங்க."

"நானா?"

"நீங்கதான். நல்லா தேய்ச்சுத்தான் வச்சிருந்தேன். கட்டிக்கிட்டுப் போகத்தான் இடம் இல்ல."

குறையாகச் சொல்லவில்லை. குரங்கைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. முப்பத்து நான்கு வருடம் விடியற்காலையில் பெரட்டுக்குப் போனேன், இருட்டினால் வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பெர்னாட்டோடு போனேன். இவளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. பதிவுக்கு ஒரு படம் போதும். அன்றைக்கு நான் ஏழு எடுத்தேன். அந்த மூன்று மாதமும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பேரம் கெட்டுவிடும்.

தொண்ணூறாம் நாள் சாயங்காலம் பெரட்டு எடுத்தேன். நூற்றுப் பதினான்கும் ஆஜர். நடுவில் சேர்ந்த ஐந்தும் ஆஜர். எல்லாம் பச்சை. சிவப்பு என்று ஒன்றுகூட இல்லை.

"ஒத்துக்கறேன்" என்றேன். "சேலை எல்லாம் இருக்கட்டும். ஆனா பின்னறை மட்டும் கிடையாது. அது நான் புழங்கற ரூம். தாள்ல ரூமைப் பத்தி ஒண்ணும் எழுதல."

"எழுதலதான்" என்று சொல்லிவிட்டு நவமணி தன் ஃபோனை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதே ஆப். குமுதாதான் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தொட்டுப் பார்த்தேன். தூண்டில் ஆறு. ரீல் பெட்டி ஒன்று. ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. தொப்பி, வாளி, வலை. மொத்தம் பதினேழு உருப்படி. படம் எடுத்த தேதியைப் பார்த்தேன். நான் கட்டில் மேல் ஏறி நின்று வெங்காயத்தோடு மல்லுக்கட்டிய அதே செவ்வாய்க்கிழமை.

பதினேழும் சிவப்பு.

"கடைசியா எப்ப மீன் பிடிக்கப் போனீங்க?"

"நீதானே என்னை வாரா வாரம் எங்கெங்கேயோ இழுத்துக்கிட்டுப் போன?"

"இழுத்துக்கிட்டுப் போனேன். தூண்டிலைக் கொண்டு வரவேணாம்னு சொன்னேனா?"

பட்டியலின் கடைசியைப் பார்த்தேன். சாய்வு நாற்காலி. அதுவும் சிவப்பு. எனக்கு உயிர் வந்தது.

"இது தப்பு. நாற்காலியில நான் தினமும் உட்கார்றேன். நேத்துகூட உட்கார்ந்தேன்."

"கேட்டுக்கு வெளியவா உட்கார்ந்தீங்க?"

முப்பத்து நான்கு வருடம் ஆபீசில் விதி எழுதியவன் நான். என் விதியை இவ்வளவு சுத்தமாக யாரும் அமல்படுத்தியதில்லை.

நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ரூல்படி பார்த்தா எல்லாத்தையும் முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கணும். நான் உங்களை மாதிரி கிராணி இல்ல. தூண்டிலை பெர்னாட் அண்ணன் ஸ்டோர்ல வச்சுக்கலாம், கேட்டாச்சு. நாற்காலி முன்னாடி போர்ச்சுல. ஞாயித்துக்கிழமை காலையில மீன் பிடிக்கப் போங்க. சாயங்காலம் என்னை வெளிய கூட்டிட்டுப் போயிடணும்."

மறுநாள் சன்னாசி வந்தான். பின்னறை காலியாக இருந்தது. அளவு டேப்பை இழுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்து, சுவரோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன்.

"எத்தனை சேலைக்கு ஆண்ட்டி?" என்று கேட்டான்.

நவமணி என்னைப் பார்த்தாள். "நூத்துப் பத்தொன்பது" என்று ஒரு குரல் கேட்டது. "இன்னும் ஒரு அடி தாராளமா விட்டு அடி தம்பி, தீபாவளி வருது."

சொன்னது நான்.