விரல் நீட்டாத தொண்டர்

என் குருதியில் சீனி உண்டா இல்லையா என்பதை இறைவன் ஒருவனே அறிந்தால் போதும் என்று உறுதி பூண்டிருந்தேன். மனைவி அறிந்தால் மோதகம் போகும், பாயாசம் போகும், பஞ்சாமிர்தமும் நுனிவிரலளவாய்ச் சுருங்கும்.

அவ்வாண்டு கனடாவின் ரொறன்ரோவில், நம்மவரிடையே நீரிழிவு மிகுவது ஏன் என்று ஆராயும் மருத்துவக் குழுவொன்று ஆள் தேடியது. மனைவி யோகமலர் அடுப்படியிலிருந்தே தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, ஒரு சொட்டு ரத்தம் குடுத்தால் என்ன?"

"எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை."

"அதை நீங்கள் சொல்லப்படாது. ரத்தம் சொல்லவேணும்."

அப்போதே ஓர் உபாயம் உதித்தது. அக்குழுவுக்கு ஆள் சேர்க்கும் தொண்டர்களும் தேவைப்பட்டனர். தொண்டன் கைகூப்பி அழைத்தால் போதும். குத்துப்படுவது அழைக்கப்பட்டவர் விரலன்றோ? உடனே தொண்டனானேன்.

"நல்ல விசயம்," என்றாள் யோகமலர். வாதாடவில்லை. அங்கேயே நான் அஞ்சியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பேசினேன். குழுவின் தாதி நிரோஷினி மேசையிட்டுக் காத்திருந்தாள்.

"இறைவனுக்குத் தன் கண்ணையே அளித்த அடியவரைப் போற்றும் நாம், பிறர் பிணி தீர ஒரு துளி இரத்தம் தர மறுப்போமா?"

மண்டபம் உருகிற்று. இரவு வேலைக்கு பஸ் பிடிக்க எழுந்தவர்களும் மீண்டும் அமர்ந்தனர். எல்லோரும் தருவதாகக் கையுயர்த்தினர். ஆனால் ஒருவரும் மேசையை நெருங்கவில்லை.

பெண்கள் பக்கமிருந்து பழகிய குரலொன்று எழுந்தது. "பெரியவர் அவர் இருக்க, மற்றாக்கள் எப்பிடி முந்திறது?" யோகமலர்!

"ஓம், ஐயா தொடக்கி வையுங்கோ!" என்றது முன்வரிசை.

"நான் ஆள் சேர்க்கிற தொண்டன் மட்டும்..."

"கண்ணைக் கேக்கேல்லை ஐயா, விரலைத்தான் கேக்கிறம்!"

"விருப்பமில்லாட்டில் விடலாம், அங்கிள். கட்டாயமில்லை," என்றாள் நிரோஷினி கனிவோடு.

அந்தப் பேச்சைப் பேசிய வாயோடு எப்படி விடுவது? விரலை நீட்டினேன். எனக்குப் பின்னே வரிசை வாசல்வரை வளர்ந்தது. அது என் வாழ்நாளின் மாபெரும் வெற்றி.

நிரோஷினி கருவியைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "சீனி நல்லாக் கூட, அங்கிள். ஆராய்ச்சிக்கு உங்களை மாதிரி ஆக்களைத்தான் தேடுறம்," என்றாள்.

என் தோளருகே யோகமலர் நின்றாள்.

"அப்ப மோதகம்?" என்றேன், நலிந்து.

"அதைப் பிள்ளையார் சாப்பிடுவார். நீங்கள் கும்பிடுங்கோ."

அப்போதுதான் அவள் சேலையில் குத்தியிருந்த தொண்டர் அட்டையைக் கண்டேன். அதிலிருந்த எண்ணைப் பார்த்தால், எனக்கு முன்னமே சேர்ந்திருக்கிறாள்.

நான் ஒரு மண்டபம் நிறைய ஆள் சேர்த்தேன். அவள் சேர்த்தது ஒருவனை மட்டும்.