யன்னல் திறந்திருந்த ஞாயிறு

பொய் சொல்வதற்கும் ஒரு கெட்டித்தனம் வேண்டும். என்னிடம் அது இல்லை. முப்பத்தாறு வயதில், கல்யாணம் முறிந்து, டென்மார்க்கின் ஓகூஸ் நகரிலிருந்து இக்காஸ்டுக்கு அம்மா, அப்பா வீட்டுக்குத் திரும்பியபோது, "ஒரு கிழமை லீவு" என்றேன். (காருக்குள் சோறு அவிக்கிற குக்கர், தையல் மெசின், யூன் மாத வெயிலில் குளிர் ஜாக்கெட்.) அம்மா குக்கரைப் பார்த்தார். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் மெனோனைட் என்கிற கிறிஸ்தவ சபைக்காரர். ஆடம்பரம் இல்லை, வாத்தியம் இல்லை, பொய் இல்லவே இல்லை. ஞாயிறுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டு முன் அறையில் கூடுவார்கள். முக்கால்வாசிப்பேர் டேனிஷ்காரர்.

வந்து மூன்று நாளாக என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. துடைத்த அலுமாரியையே திரும்பவும் துடைத்தேன். அந்த ஞாயிறு மௌன செபத்தில் இரண்டாம் நிமிடமே கால் ஆடத் தொடங்கியது. நைசாக வெளியே போய்க் காருக்குள் ஏறி, சிநேகிதி மெட்டாவுக்குப் போன் எடுத்தேன். போன் தானாகக் கார் ஸ்பீக்கருக்குப் போனது. கார்க் கண்ணாடி இறங்கியிருந்ததை நான் யோசிக்கவில்லை.

"வீட்டில சொல்லிட்டியா?" என்றாள் மெட்டா, டேனிஷில்.

நானும் டேனிஷில் கொட்டினேன். "இல்லை. அவனை விட்டுட்டு வந்திட்டன் எண்டு அப்பாட்டை எப்பிடிச் சொல்லுறது? உடனே செபம் தொடங்குவார். அது முடியிறதுக்குள்ள எனக்கு பென்ஷன் வந்திடும். ஆனா இந்த வீட்டை விட்டா எனக்குப் போக இடமில்லை."

அழுதுகொண்டே நிமிர்ந்தேன். எதிரே எங்கள் வீட்டு முன் அறை யன்னல் அகலத் திறந்திருந்தது. சபையிலேயே மூத்தவரான எல்சே, மரியாதைக்கு, அதைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டிருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன.

உள்ளே போனேன். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். அப்பா எழுந்தார். எல்லோருக்கும் விளங்கவேண்டும் என்று எப்போதும் டேனிஷில் செபிப்பவர், அன்று தமிழில் செபித்தார்.

"ஆண்டவரே, எங்கட பிள்ளை வந்திட்டா. மேல் அறை அவவுக்குத்தான். நீட்ட வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறா. ஆமென்."

அப்பாவின் செபம் அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று யாரும் நம்பவில்லை. டேனிஷ்காரர் இன்னும் கொஞ்ச நேரம் தலை நிமிரவேயில்லை. நான் அழுததா சிரித்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் "ஒரு விஷயம் சொல்லோணும்" என்று தொடங்கினாலும், அம்மா முதலில் போய் யன்னலைச் சாத்துவார். போன மாதம், புதிதாக ஒருவரோடு பழகுவதைச் சொல்ல வாய் திறந்தேன். அம்மா எழும்பினார்.

"இஞ்சரும், அது திறந்தபடி கிடக்கட்டும்," என்றார் அப்பா. "சபைக்குத் தனியாச் சொல்லுற வேலை மிச்சம்."