செவ்வுண்ணிக்கு எடுத்த விழா

உலக அறிவியல் வரலாற்றில் இராஜபாளையத்துக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். எங்கள் 'ஒட்டுண்ணிப் பாதுகாப்புப் பேரவை'யை விட்டுவிட்டு அந்த அத்தியாயத்தை எவராலும் எழுத முடியாது. அதன் செயலாளர் நான்தான். தன்னடக்கம் கருதி இதோடு நிறுத்துகிறேன்.

பக்கத்து ஊரான சுந்தரபாண்டியத்தில் வெள்ளத்தாயின் பருத்தியில், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அடை அடையாக மொய்த்திருந்தது. அந்த ஒரு ஏக்கர்தான் அவள் வீட்டுக்கு வருஷச் சோறு. மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பியவளை எங்கள் தலைவர் காளிராஜ் வரப்பிலேயே மறித்தார்.

"அசுவினி முதுகுல செவப்பா ஒரு உண்ணி உக்காந்து சாறு குடிக்கு, பாத்தியா? அந்த உண்ணி வயித்துக்குள்ள பாக்டீரியா குடியிருக்கு. இம்புட்டுக் குடித்தனத்தையும் ஒரே டேங்குல காலி பண்ணப் பாக்கியே, தாயி."

"அப்ப எஞ்செடி, சார்?"

"உண்ணி பெருகுனா அசுவினி தானா ஒழியும். கொஞ்ச நாள் பொறு."

பொறுத்தாள். மூன்றே வாரத்தில் அசுவினி பாதியாகக் குறைந்தது, பருத்தி துளிர்த்தது. பேரவை சொன்ன ஒன்று பலித்துவிட்டதில் எங்களுக்கே அதிர்ச்சிதான். உடனே அவசரக் கூட்டம் போட்டு, செவ்வுண்ணிக்கு விழா எடுப்பதென்று 'ஏகமனதாக'த் தீர்மானித்தோம்.

சிறப்பு விருந்தினர் வருகிற இடத்தில் பூச்சி பொட்டு இருக்கலாமா? விழாவன்று காலையிலேயே கொசுப்புகை மெஷினை வயலுக்குள் இறக்கினோம். வரப்பு நெடுக பிளீச்சிங் பவுடரும் தூவினோம்.

வெள்ளத்தாய் பதறி ஓடிவந்தாள். "சார், உண்ணி செத்துருமே?"

"இது கொசு மருந்தும்மா. உண்ணிக்கு ஏன் கேக்கப் போகுது?" என்றார் காளிராஜ்.

சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு குனிந்து உண்ணியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"அசையக் காணோமே?"

"உங்களைப் பார்த்த மரியாதை, ஐயா" என்றேன். கைதட்டல் அடங்கச் செத்த நேரம் ஆயிற்று.

உண்ணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. சுருண்ட இலைகளுக்குள் பதுங்கியிருந்த அசுவினி மட்டும் பிழைத்து, தட்டிக்கேட்க ஆளில்லாமல் பெருகியது. பத்து நாளில் அந்த ஒரு ஏக்கரும் கருகிச் சுருண்டது. பேரவை சும்மா இருக்குமா? விசாரணைக் குழு அமைத்தோம். 'பயனாளி உண்ணிகளைச் சரிவரப் பராமரிக்கவில்லை' என்று குழு கண்டறிந்தது. எனினும், பெருந்தன்மையோடு அவளை மன்னித்தோம்.

அந்த மன்னிப்புக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளத்தாய் நிதானமாகப் படித்துவிட்டு, அதை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"அந்த உண்ணி அசுவினியத்தான் சார் உறிஞ்சுச்சு. எஞ்செடிய ஒண்ணுமே செய்யல."