ஒலக்கூர் தாண்டாத விரதம்

எண்பத்து நாலாம் வருஷம் டிசம்பர் மாதம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் தலையே போனாலும் ஒலக்கூரைத் தாண்டி வடக்கே ஓர் அடி வைப்பதில்லை. இதை வைராக்கியம் என்று நினைத்து என்னைக் கும்பிட்டவர்கள் உண்டு. வைராக்கியமாவது ஒண்ணாவது. பயம் ஐயா, பயம். சுத்தமான, கலப்படமில்லாத பயம்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்குப் பாத்திரக்கடை. பெயர் ரிஷபநாதன். பரம்பரை ஜைன நயினார் குடும்பம். எறும்பைக்கூட மிதிக்க மாட்டேன் என்று ஊரில் பேர் எடுத்தவன். உண்மை என்னவென்றால் எறும்பு கடிக்குமே என்று ஒதுங்கிப் போகிறவன். கடையில் மேல்தட்டில் இருக்கிற அண்டாவை யாராவது கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடுவேன். "அதோ தலைக்கு மேலயே இருக்குதே" என்று காட்டினால், அது வேறு ஆளுக்குச் சொல்லி வைத்தது என்பேன். எடுக்க ஏணி ஏற வேண்டுமே. ரயில் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறினால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் ஜபம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு காலை மடக்கிக்கொள்வார்.

இந்தப் பயங்களுக்கெல்லாம் அரசனாக ஒரு பயம் உண்டு. என்னால் வீட்டில் தனியாகப் படுக்க முடியாது. குசுமா, என் மனைவி, பக்கத்தில் இருந்தால் இடியே விழுந்தாலும் தூங்குவேன். அவள் இல்லாவிட்டால் பல்லி கத்தினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் கல்யாணமான நாளிலிருந்து அவளை எங்கேயும் ராத் தங்க விட்டதில்லை. அம்மா வீடு இருக்கிற விழுப்புரத்துக்குப் போனால்கூடக் கடைசி பஸ்ஸில் திரும்பி வந்துவிட வேண்டும். பெண்பிள்ளை தனியாகப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று நான் கண்டிப்பாகப் பேசுவேன். கேட்கிறவர்கள், எவ்வளவு கட்டுப்பாடான மனுஷன் என்பார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில் மண்ணைப் போட்டது ஒரு செய்தித்தாள். நம் நாட்டுப் பெண் ஒருத்தி எவரெஸ்ட் உச்சியில் ஏறிவிட்டாள் என்று அந்த வருஷம் மே மாதம் படத்தோடு போட்டிருந்தான். குசுமா அந்தப் படத்தைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை.

"அவ ஐஸு மேல ஏறிட்டா. நான் இன்னும் செஞ்சிக் கோட்டை மேலயே ஏறல" என்றாள்.

"செஞ்சி எங்க ஓடிப் போவுது? அங்கியேதான் இருக்கும்" என்றேன்.

"அதுதாங்க. அதுவும் அங்கியே இருக்குது, நானும் இங்கியே இருக்கேன்."

மழைக்காலம் முடிந்ததும் அவள் திட்டத்தை அவிழ்த்துவிட்டாள். புது வருஷத்தில் மாதம் ஒரு சாகசப் பயணம். ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வடை தின்றுவிட்டு வருகிற பயணம் இல்லையாம். உடம்பு நடுங்கணுமாம். ஜனவரிக்குப் பழவேற்காட்டு ஏரியில் படகு. பிப்ரவரிக்குக் கொல்லிமலைக் காட்டுப் பாதையில் நடை. ஏப்ரலில் இமயமலை அடிவாரத்தில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறுவது. அக்டோபரில் ராஜஸ்தான் மணலில் ஒட்டகம். டிசம்பரில் அந்தமானுக்குக் கப்பல். நடுவில் இருக்கிற மாதங்களுக்கு நானும் யோசனை சொல்லலாம் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள்.

நானும் யோசனை சொன்னேன். மார்ச்சில் விழுப்புரத்தை ஒட்டிய காணைக்குப் போய்க் கரும்பு வெட்டுவதைப் பார்க்கலாம் என்றேன்.

"கரும்பு வெட்டறதுல என்னங்க சாகசம்?"

"அருவாள் எல்லாம் இருக்கும் குசுமா. கிட்டப் போனாப் பேஜாரு."

ஜூனுக்குத் திருவெண்ணெய்நல்லூர், ஆற்றில் தண்ணீர் இல்லாத சமயமாகப் பார்த்து, என்றேன். ஜூலைக்கு வானூர் என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். போய்ப் பார்த்தால்தானே தெரியும், தெரியாத இடத்துக்குப் போவதுதானே சாகசம் என்று மடக்கினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஒட்டகம் வந்தது. அதன் மேல் நான். முடியாது என்று நேராகச் சொல்லலாம்தான். ஆனால் குசுமாவிடம் நேராகச் சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அது இருந்தால் நான் ஒட்டகத்தின் மேலேயே ஏறியிருப்பேனே.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. திக்விரதம். எங்கள் மதத்தில் இல்லறத்தார் எடுத்துக்கொள்கிற விரதம். நான்கு திசைக்கும் எல்லை கட்டிக்கொள்ள வேண்டும். அந்த எல்லையைத் தாண்டிப் போகக்கூடாது. தாண்டாததால் அந்தப் பக்கத்து உயிர்களுக்கு நம்மால் ஒரு தீங்கும் வராது. ஆஹா, என்ன கருணை, என்ன தொலைநோக்கு. பயந்தாங்கொள்ளிகளுக்காகவே பெரியவர்கள் யோசித்துச் செய்தது மாதிரி இருந்தது. புருஷன் விரதத்தில் இருந்தால் பெண்டாட்டி எங்கே தனியாகக் கிளம்புவாள்? கழுத்தில் தாலி இருக்கிறவள் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான் என்று நான் கணக்குப் போட்டேன்.

சதுர்த்தசி அன்றைக்கு ஜினாலயத்தில் நல்ல கூட்டம். உபாத்தியாயரிடம் போய், ஒரு வருஷத்துக்குத் திக்விரதம் எடுக்கிறேன் என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னேன். கோயில் பூசையை அவர்தான் பார்க்கிறார். சின்ன விஷயத்துக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. அவரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். எல்லைகளைச் சொல்லச் சொன்னார். கிழக்கே மரக்காணம், மேற்கே செஞ்சி, வடக்கே பக்கத்திலேயே இருக்கிற ஒலக்கூர் என்றேன். தெற்கே விழுப்புரம். மாமியார் ஊரை விட்டுவிட்டால் விரதத்தின் நோக்கம் தெரிந்துபோகும் அல்லவா?

"மேலயும் கீழயும் சொல்லணும் நயினாரே" என்றார் உபாத்தியாயர்.

இது நான் எதிர்பார்க்காத லாபம். மேலே எங்கள் வீட்டுப் பரண் வரைக்கும் என்றேன். கீழே, கிணற்றை எட்டிப் பார்ப்பதோடு சரி. கூட்டத்தில் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. எளிமையைக் கண்டு நெகிழ்ந்துபோய் இருமினார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"விரதம் உங்களுக்கு மட்டுமா, வீட்டம்மாவுக்கும் சேர்த்தா?"

குசுமா பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பார்க்கவே பாவமாக இருந்தது. சேர்த்துத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஊரே என்னைப் பார்க்கிறது. இந்த மாதிரி நேரத்தில் ஒரு மனுஷனுக்குப் பெரிய மனசு வந்து தொலைக்கிறது. எனக்கு மட்டும்தான், என் பயபக்திக்காக அவளைக் கட்டிப்போட மாட்டேன், அவள் இஷ்டம் அவளுக்கு என்று கணீரென்று சொன்னேன். நாலைந்து பேர் கையெடுத்தார்கள். குசுமா வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு மனசாரக் கும்பிட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பரண் மேலிருந்த தோல்பெட்டியை எடுத்துத் தரச் சொன்னாள். பரண் என் எல்லைக்குள் வருகிறதாம். நாற்காலி மேல் ஏறி, கீழே பார்க்காமல் எடுத்துக்கொடுத்தேன். எதற்கு என்று கேட்டேன்.

"ஜனவரி வருதில்ல. பழவேற்காட்டுக்கு."

"குசுமா, நான் விரதத்துல இருக்கேன்."

"ஆமாங்க, நீங்க இருக்கீங்க. நான் இல்லியே. நீங்கதான் பெரிய மனசு பண்ணி எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டீங்களே. அடுத்த தெருவுலேந்து காந்திமதி வர்றா, தர்மதேவி அக்கா வர்றாங்க. காந்திமதி வூட்டுக்காரரே வேன் ஓட்டறாரு. மெட்ராஸ்ல சொந்தக்காரங்க வூட்ல தங்கறோம். மூணு நாளு."

மூன்று நாள் என்றால் நடுவில் இரண்டு ராத்திரி. எனக்குக் காது அடைத்துவிட்டது. ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பித்தேன். ஊர்தான் கோயிலில் நின்று கேட்டதே, ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். அப்படியானால் நானும் வருகிறேன் என்று வாய் தவறி வந்துவிட்டது. படகும் ஏரியும் கண் முன்னால் வந்தன. ஆனால் இருட்டில் தனியாகக் கிடப்பதற்குப் படகு எவ்வளவோ தேவலை.

"ஐயையோ, விரதத்தை ஒடைக்கறதா?" என்று குசுமா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாவங்க."

அடுத்த நாள் கடையைக்கூடத் திறக்காமல் உபாத்தியாயரிடம் ஓடினேன். விரதத்தைக் கொஞ்சம் தளர்த்த முடியுமா, வடக்கே மட்டும் ஒரு நூறு மைல் கூட்டிக்கொடுத்தால் போதும் என்று கெஞ்சினேன். அவர் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"வருவீங்கன்னு வீட்டம்மா சொல்லிட்டுப் போனாங்க. வந்து அழுவாரு, விட்டுடாதீங்க, அவரு புண்ணியம் கெட்டுப்போவும்னாங்க."

நான் சந்தனத்தை வாங்கிப் பூசிக்கொண்டு திரும்பினேன்.

கிளம்புகிற நாள் வந்தது. துரைக்கண்ணு காந்திமதியின் வீட்டுக்காரர். நல்ல மனுஷன், ஆனால் அவருடைய மெட்டடார் வேன் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. மத்தியானம் வர வேண்டிய வண்டி பஞ்சர் ஒட்டிக்கொண்டு பொழுது இறங்குகிற நேரத்துக்கு வந்தது. முன்சீட்டில் யார் என்கிறீர்கள்? விழுப்புரத்திலிருந்து வந்திறங்கிய என் மாமியார் சந்திரவதி. கண் ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு, படகு ஓட்டப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளைக்கு ஒடம்பு எளைச்சிருக்குதே" என்றார்.

"விரதம் அத்தே" என்றேன்.

வழியனுப்ப வாசலோடு நிற்க எனக்கு மனசு வரவில்லை. ஒலக்கூர் வரைக்கும் எனக்கு அனுமதி உண்டே. ஏறி உட்கார்ந்தேன். வண்டியில் எல்லாரும் ஒரே சிரிப்பு. படகு கவிழ்ந்தால் யார் யாரைப் பிடித்துக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குசுமா தூக்குவாளியைத் திறந்து எல்லாருக்கும் புளிச்சோறும், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலையும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். வழியில் போகிற ஒவ்வொரு புளியமரமும் என்னைப் பார்த்து, இன்றைக்கு ராத்திரி நீ தனி, நீ தனி என்று சொல்வது மாதிரி இருந்தது. ஒரு வாய்கூட வைக்காமல் கையில் வைத்துக்கொண்டே வந்தேன்.

ஒலக்கூர் கூட்ரோட்டில் துரைக்கண்ணு வண்டியை நிறுத்தினார். சூரியன் அப்போதுதான் அந்தப் பக்கம் முழுகிப் போயிருந்தது. இனிமேல் சாப்பிடவும் முடியாது. சோற்றைக் குசுமா வாங்கிப் பக்கத்தில் நின்ற மாட்டுக்குப் போட்டாள். அது சந்தோஷமாகச் சாப்பிட்டது. நான் இறங்கி நின்றேன். ரோடு வெறிச்சென்று இருந்தது. ஒரு நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. திண்டிவனம் பஸ் எந்தக் காலத்தில் வரும் என்று கேட்கக்கூட அங்கே ஆள் இல்லை.

நான் மறந்து வைத்த துணிப்பையைக் கொடுக்கக் குசுமா கீழே இறங்கினாள். மறுபடி ஏறப்போன அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். வேனுக்குள் சிரிப்பு நின்றது. மாமியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். கேட்கட்டும், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். எனக்கு வெட்கம் மானம் எல்லாம் போய்விட்டது.

"குசுமா, எனக்குத் தனியாப் படுக்க பயமா இருக்குது. இத்தினி வருஷமும் ஊரு பேசும், ஊரு பேசும்னு சொன்னது பொய். எனக்குத்தான் பயம். போவாத."

அவள் என் சட்டைக் காலரைச் சரிபண்ணினாள். நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்த முகத்தில் இருந்த பாசத்தைப் பார்த்து, வண்டியைத் திருப்பச் சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன். ஏறி உட்கார ஒரு காலைத் தூக்கியும் விட்டேன்.

"தெரியுங்க. கல்யாணமான மறுமாசமே தெரியும்" என்றாள் குசுமா, வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டே. "நாங்க போறது சும்மா ஊர் சுத்த. மாசாமாசம் சாகசம் உங்களுக்குத்தான்."